பாட்டு முடியாமல் ரயில் கிளம்பாது

கீழே எழுதப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. எங்கள் ஊரில் இருக்கிற எல்லாத் தேவாலயங்களின் மேலும், பூட்டிக் கிடக்கிறவை உட்பட, சத்தியம் செய்கிறேன். இடது கையை வேதப் புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். அதனால் கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அச்சில் உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் சொல்லிவிட வேண்டியது என் கடமை.

ப்யூனோஸ் அயர்ஸுக்கு வெகு தெற்கே இருக்கிற எங்கள் ஊர் ட்ரெலெவில் காற்று மேற்கிலிருந்துதான் வீசும். எப்போதும் வீசும். ஒருமுறை நான் மலையடிவாரத்தில், எங்கள் வெல்ஷ் ஆட்களே கட்டின ட்ரெவெலினில், தெருவைக் கடக்கும்போது தொப்பி பறந்துவிட்டது. பாலைவனம் முழுக்க லாரியில் குலுங்கி வீடு வந்து சேர்ந்தால், பக்கத்து வீட்டு எமிர் ஹியூஸ் அதைப் போட்டுக்கொண்டு வேலி கட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்தே வந்துருச்சுப்பா. உன்னுதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. கீழ வச்சா அழுக்காயிடுமேன்னுதான் தலையில வச்சிருக்கேன்," என்றார்.

காற்றைப் பற்றி இவ்வளவு போதும். நான் சொல்ல வந்தது இத்தெல் ப்யூவைப் பற்றி.

இத்தெல் கம்பளி மண்டியில் பொதி கட்டுகிறவன். வாசலில் குனிந்துதான் வருவான். சில வாசல்களில் பக்கவாட்டில் திரும்பியும் வருவான். ஊமை இல்லை. ஆனால் பேச்சு வராது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது எங்கே கொண்டுபோய் விடுமோ என்று அவனுக்குப் பயம். பாட்டு அப்படியில்லை. அடுத்த வார்த்தையை யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள் அல்லவா? அதனால் பாடுவான். அவன் அடிக்குரலில் இறங்கிக் கடைசிச் சுரத்தைத் தொடும்போது என் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த ஈயம் அதிரும். தேவாலயத்தில் அவனுக்கு இடது பக்கம் உட்காருகிறவன் நான். எனக்குத் தெரியாதா?

தெலித் ரொட்டிக்கடையில் நின்றாள். மேல்குரல்காரி. அவள் வாயில் அகப்பட்டவர்கள் வாங்க வந்த ரொட்டியை மறந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளும் இத்தெலும் வாய்க்கால் கரையோடு நடப்பார்கள். அவள் பேசுவாள், அவன் தலையாட்டுவான். வருஷக்கணக்காக இது நடந்தது. ஊரில் எல்லாரும் அவர்களுக்குக் கல்யாணமாகிவிட்டது என்றே நினைத்திருந்தோம். அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் இன்னும் ஆகவில்லை என்று தெரியும்.

ஒருநாள் கடையில் அவள் கேட்டே விட்டாள். நான் அங்கேதான் கறுப்பு கேக்கை முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"இத்தெல், ப்யூனோஸ் அயர்ஸ்ல எங்க சித்தி தொப்பிக் கடை வச்சிருக்காங்க. என்னை வரச் சொல்றாங்க."

இத்தெல் தலையாட்டினான்.

"போனா திரும்பி வரமாட்டேன்."

அதற்கும் தலையாட்டினான்.

"வண்டிக் குதிரை மாதிரி ஆட்டாத. நான் போகணுமா, இருக்கணுமா? ஒரே ஒரு வார்த்தை கேக்கறேன். 'இரு'ன்னு சொல்லு. பெட்டியத் தூக்கி ரொட்டி அடுப்புல போட்டுட்டு இருந்துடறேன்."

இத்தெல் இரண்டு கையாலும் மேடையைப் பிடித்துக்கொண்டான். கழுத்து சிவந்தது, பிறகு காது, பிறகு நெற்றி. கடையில் நின்றிருந்த பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். அடுப்புக்காரர் உள்ளேயிருந்து மாவுக் கையோடு எட்டிப் பார்த்தார். இத்தெல் வாயைத் திறந்தான்.

"ரெண்டு ரொட்டி," என்றான்.

தெலித் இரண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அவன் கையில் வைத்தாள்.

"நல்லாக் கேட்டுக்கோ. கரையிறங்கின நாளன்னிக்கு சாயங்கால ரயில்ல மத்ரின் போறேன். அங்கிருந்து கப்பல். ரயில் நகர்ற வரைக்கும் ஜன்னலோரமா உக்காந்திருப்பேன். அதுக்குள்ள வந்து உன் வாயால சொன்னா இறங்கிடுவேன். நகந்துடுச்சுன்னா அப்புறம் நீ கத்தினாலும் கதறினாலும் எனக்குக் காது கேக்காது."

வெளியே வந்து இத்தெல் ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "ஸ்டே... ஸ்டேஷன்ல சொல்லிடுவேன்," என்றான்.

"அட மடையா, இப்பவே சொல்லியிருந்தா என்ன?"

"இங்க அமைதியா இருக்கு. அங்கன்னா... இஞ்சின் சத்தம் இருக்கும். வெக்கமா இருக்காது."

கரையிறங்கிய நாள் என்பது எங்கள் வெல்ஷ் முன்னோர்கள் சொந்த நாட்டை விட்டுக் கப்பலில் வந்து இங்கே இறங்கிய நாள். குடிக்கத் தண்ணீர் இல்லாத கரையில் வந்து இறங்கினார்கள். அதற்கு ஈடாக நாங்கள் அன்று முழுவதும் தேநீர் குடிக்கிறோம். தேநீருக்கு முன்னால் பாட்டு. எங்கள் தகரக்கூரைத் தேவாலயத்தில் அன்று ஊரே நாலு குரலாகப் பிரிந்து உட்காரும். பாட்டை நடத்துகிறவர் க்ளெட்வின் ராஸர். சின்ன ஆள், பெரிய புருவம். இத்தெல் வாசல் பக்கம் உட்காரலாமா என்று ஜாடையில் கேட்டதற்கு அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்க ஓடப் போற? மதியம் ஆரம்பிச்சா ரயிலுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சுடும். ஸ்டேஷன் என்ன சீமையிலயா இருக்கு? தெருக்கோடி. நீ நடுவுல உக்காரு. வீட்டுக்கு நடுத்தூண் மாதிரி."

அதனால் அவன் அடிக்குரல் பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் வாசல்வரை முழங்கால்கள். நாலாக மடித்த தொப்பியை மடியில் தயாராக வைத்திருந்தான்.

எங்கள் பாட்டுக்கு ஒரு வியாதி உண்டு. கடைசிச் சரணம் முடிந்ததும் யாருக்காவது நெஞ்சு நிறைந்து பொங்கிவிட்டால், அந்தச் சரணத்தின் பின்பாதியை அவர் மறுபடியும் எடுக்கலாம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தால் எல்லாரும் சேர்ந்தாக வேண்டும். பாட்டு நடக்கும்போது யாரும் வெளியே போகக்கூடாது. எங்கள் ஊரில் மனைவியை விட்டுப் போனவர்கள் உண்டு, கடனை விட்டுப் போனவர்கள் உண்டு. நடுப்பாட்டில் போனவர் ஒரே ஒருவர்தான். அவரும் செத்துப்போனதால்தான் போனார். அவரைத் தூக்கியதும் பாட்டு முடிந்த பிறகுதான்.

அன்று எல்லாம் நேரத்துக்கு நடந்தது. கடைசிப் பாட்டின் கடைசிச் சரணம் முடிந்தது. ராஸர் கையை இறக்கினார். இத்தெல் தொப்பியைப் பிரித்தான். அப்போது இரண்டாம் குரல் வரிசையில் விதவை க்வெனோன்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெல்லப் பின்பாதியை எடுத்தாள்.

"போச்சு," என்றேன் நான்.

பாடினோம். முடிகிற இடத்தில் மேல்குரல் மூலையிலிருந்து வேறு யாரோ எடுத்தார்கள். மறுபடியும் பாடினோம். அதன் பிறகு மாவு மில் கார்வி. அவனுக்கு அந்த வருஷம் கோதுமை நன்றாக விளைந்திருந்தது. நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் இத்தெல் தொப்பியைத் தலைக்குக் கொண்டுபோவான், பிறகு மடிக்குக் கொண்டுவருவான்.

தெருக்கோடியில் ரயில் ஊதியது. இத்தெலுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சட்டென்று எழுந்து நின்றுவிட்டான்.

அங்கேதான் தப்பு நடந்தது. அவன் போவதற்கு எழுந்தான். ராஸரோ, அடிக்குரல்காரன்மேலேயே பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கண்ணில் நீர் மல்க இரண்டு கையையும் மேலே தூக்கினார். சபை முழுக்க எழுந்து நின்றது. உட்கார்ந்து பாடும் வெல்ஷ்காரனை ஒருவேளை நிறுத்திவிடலாம். எழுந்து நின்றுவிட்டால் கஷ்டம்.

இங்கே கொஞ்சம் ஸ்டேஷனுக்குப் போவோம். நான் தேவாலயத்தில் நின்றுகொண்டு ஸ்டேஷனில் நடந்தது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இஞ்சின் ஓட்டுநர் தெகாய் போவென் நேரில் சொன்னது. பொய் சொல்லவே தெரியாத மனுஷன். ஒருமுறை எதிர்காற்றில் இஞ்சின் திணறியபோது, இறங்கி ரயிலைத் தோளால் தள்ளியே மத்ரின் கொண்டுபோய்ச் சேர்த்ததாகவும் அவர்தான் சொன்னார்.

காற்று மேற்கிலிருந்து. தேவாலயமும் மேற்கில். ஆகவே பாட்டு அப்படியே தெருவோடு உருண்டு வந்து ப்ளாட்ஃபாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தெகாய் போவென் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு இஞ்சினில் நின்றிருந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் கார்போனெத்தி, இத்தாலிக்கார வம்சம், கீழே நின்று கடிகாரத்தைத் தட்டினார். "தெகாய், நேரமாச்சு."

"பாட்டு நடக்குது சார்."

"பாட்டு அங்க நடக்குது. ரயில் இங்க நிக்குது."

"காதுல விழுதா இல்லையா?"

"விழுது."

"அப்ப நான் உள்ள இருக்கற மாதிரிதான். நடுப்பாட்டுல கிளம்பினா எங்கம்மா கல்லறைய விட்டு எழுந்து வந்து பிரேக்கப் பிடிப்பா. அவ வந்தா உங்களுக்கும் ரெண்டு வார்த்தை கிடைக்கும்."

கார்போனெத்தி அந்த அம்மாவை உயிரோடிருக்கும்போது பார்த்தவர். இஞ்சினிலிருந்து ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

தெலித் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முதலில் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை மடித்துக்கொண்டு. பாட்டின் அடியில் இத்தெலின் குரல் வந்ததும் ரயில்பெட்டியின் தரை லேசாக அதிர்ந்தது. "இருக்கான். இன்னும் அங்கதான் இருக்கான் தடியன்," என்றாள் எதிரே இருந்த பெண்ணிடம். பிறகு அவளும் பாடினாள். மேல்குரல்காரி எத்தனை நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? பெட்டி முழுக்கப் பாடியது.

கார்போனெத்தி கடைசியில் போர்ட்டர் ஃபெர்மினைத் தேவாலயத்துக்கு அனுப்பினார். ஃபெர்மின் ஸ்பெயின்காரன், கத்தோலிக்கன். அவனுக்கு நரகம் நிச்சயம் என்று எங்கள் பாதிரியார் எப்போதோ முடிவு செய்துவிட்டதால் நடுப்பாட்டில் வரவும் போகவும் அவனுக்குத் தடையில்லை. கதவோரம் நின்றவரின் காதில் அவன் சேதியைச் சொன்னான். சேதி பெஞ்சோடு ஒவ்வொரு காதாக நகர்ந்து என்னிடம் வந்தது. நான் இத்தெலிடம் கொடுத்தேன்.

"நாம நிறுத்தற வரைக்கும் ரயில் கிளம்பாதாம்."

அந்தப் பின்பாதியில் முதல் வரி பெண்களுக்கு மட்டும். ஆண்கள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். எங்கள் பேச்செல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான்.

இத்தெல் முகம் மலர்ந்தது. "அப்ப... நிக்குதா?"

"நிக்குது. பாட்டு முடிஞ்சா போயிடும்."

"முடிஞ்சாத்தானே நான் போக முடியும்?"

"ஆமா."

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள..."

"அது போயிடும்."

எங்கள் வரி வந்தது. பாடினோம். பாடிக்கொண்டே அவன் என்னைப் பார்த்தான். கிணற்றில் விழுந்த மாடு மேலே எட்டிப்பார்க்கிறவனைப் பார்க்குமே, அப்படி. சரணம் முடிகிற இடம் வந்தது. எல்லாருக்கும் தொண்டை வறண்டிருந்தது. ராஸரின் கை தாழ்ந்தது. யாரும் எடுக்கவில்லை. சபை உட்காரப் போனது.

இத்தெலே எடுத்தான்.

வேறென்ன செய்வான்? அவன் பாடுகிற வரைக்கும் அவள் ஊரில் இருப்பாள். அவன் பாடுகிற வரைக்கும் அவளிடம் போக முடியாது. முடிய முடிய அவனே எடுத்தான். ராஸர் அழுதே விட்டார். இப்படி ஒரு பக்தியை இந்தப் பள்ளத்தாக்கு கண்டதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த பெண்கள் வரியில் நான் சொன்னேன்: "நீ நைசா நழுவு. உன் குரல நான் பிடிச்சுக்கறேன்."

"உன்னால முடியாது."

"வாய மூடிப் பாரு."

அவன் வாயை மூடினான். நான் அந்தக் கடைசிச் சுரத்தைப் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் இன்றுவரை சொல்கிறேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார், யாராவது நாற்காலியை நகர்த்துகிறார்களா என்று. நாலு குரலும் காலொடிந்த மேசை போலச் சரிந்தன. ராஸரின் புருவம் தலைமுடிக்குள் போய்விட்டது. தெருக்கோடியில் தெகாய் போவென் பாட்டு முடிந்துவிட்டதாக நினைத்துத் தொப்பியைத் தலைக்குக் கொண்டுபோனாராம். அதற்குள் இத்தெல் உள்ளே புகுந்து தோள் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"சொன்னேன்ல," என்றான் அடுத்த வரியில்.

பிறகு எனக்கு இன்னொரு யோசனை வந்தது. "ஃபெர்மின் சும்மாத்தானே நிக்கறான். அவன்கிட்ட சொல்லியனுப்பு. ஒரு வார்த்தைதானே?"

காது காதாக வார்த்தை வாசலுக்குப் போனது. ஃபெர்மின் ஓடினான். நாங்கள் பாடிக்கொண்டே கதவைப் பார்த்தோம். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான். பதில் காது காதாக வந்தது. வருகிற வழியிலேயே ஒவ்வொரு முகத்திலும் சிரிப்பு தெரிந்தது. அதனால் எனக்கு முன்னாடியே புரிந்துவிட்டது.

"என்னவாம்?" என்றான் இத்தெல்.

"ஃபெர்மின் போய் ஜன்னல்கிட்ட நின்னு 'இரு'ன்னு சொன்னானாம். அதுக்கு அவ, 'நீ சொல்லி நான் இருந்துட்டா உன்னைத்தான் கட்டிக்கணும். உனக்குச் சம்மதமா'ன்னு கேட்டாளாம்."

"அ... அவன் என்ன சொன்னான்?"

"யோசிக்க நேரம் கேட்டிருக்கான்."

இத்தெலுக்குச் சிரிப்பு வரவில்லை. "இங்க வரச் சொல்லு அவள."

"அதுவும் கேட்டானாம். நடுப்பாட்டுல எப்படி எழுந்து வர்றதுன்னு அவ கேக்கறா. அவளும் பாடிட்டுத்தான் இருக்கா."

அதுதான் நிலைமை. ரயில் அசையாது, பாட்டு நிற்காது, அவன் போக முடியாது, அவள் வர முடியாது. யார்மேல் குற்றம்? எல்லாரும் செய்ய வேண்டியதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

நேரம் போனது. தேநீருக்கு வைத்த தண்ணீர் வற்றி, மறுபடி ஊற்றி, மறுபடி வற்றியது. வெண்ணெய் தடவின ரொட்டிகள் ஓரம் சுருண்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கூரைத் தகரத்தின் ஆணிகள் அடிக்குரலின் அதிர்வில் ஒவ்வொன்றாகச் சுழன்று கழன்று எங்கள் தலையில் விழுந்தன. பாதிரியார் அவற்றைக் குனிந்து பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கைக்குழந்தையாகத் தூக்கி வரப்பட்ட ஒன்று எழுந்து நின்று, தானாகவே இரண்டாம் குரலைப் பிடித்துக்கொண்டது. சூரியன் மேற்கு ஜன்னல்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. அதற்கும் நடுப்பாட்டில் இறங்கிப் போகத் தயக்கம்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். இத்தெல் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தான். முன்னெப்போதும் பாடாத மாதிரி. முகத்தில் கண்ணீர் ஓடுகிறது, குரல் மட்டும் இன்னும் இறங்குகிறது, இன்னும் விரிகிறது. ஊர் முழுக்க அவன் குரல்மேல் நின்றுகொண்டிருந்தோம். அவனால் அதை அனுபவிக்காமலும் இருக்க முடியவில்லை. அது அவனுக்கே தெரிந்திருந்தது. அதற்காகவும் சேர்த்து அழுதான் என்று நினைக்கிறேன்.

மிஞ்சிப்போனால் இன்னும் ஒரு தடவைதான் பாட முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மேல்குரல்காரிகளில் பாதிப்பேருக்கு வெறும் காற்றுதான் வந்தது. பெண்கள் தங்கள் வரியைக் கிசுகிசுத்தார்கள். இத்தெல் என் காதுக்குக் குனிந்தான்.

"காத்து அந்தப் பக்கம்தானே அடிக்குது?"

"என்னிக்கு மாறியிருக்கு?"

"நான் பாடறது அவளுக்குக் கேக்குதுல்ல?"

"தனியாக் கேக்குது. தடியன்னு அடையாளம் சொல்லிட்டாளாம்."

"அப்ப கடைசி வார்த்தைய மாத்திடறேன்."

பாட்டின் வார்த்தையை மாற்றுவது என்றால் எங்கள் ஊரில் லேசான விஷயம் இல்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். ரொட்டிக்கடையில் பார்த்த அதே சிவப்பு. கழுத்து, காது, நெற்றி. இந்த முறை கையில் பிடித்துக்கொள்ள மேடை இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டான். இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தத் தோள் வலிக்கிறது.

ஆண்கள் வரி வந்தது. ஏறினோம், இறங்கினோம். கடைசி வார்த்தைக்கு முன்னால் எல்லாரும் மூச்செடுக்கிற இடம். இத்தெல் மூச்செடுத்தான். ஜன்னல் திரைகள் உள்பக்கமாக இழுபட்டன. பிறகு, எங்கள் ஊர் தொடங்கின நாளிலிருந்து எந்தத் தொண்டையிலும் இறங்காத ஆழத்தில், அந்த ஒரே வார்த்தையைப் பாடினான்.

"இரு."

அந்தக் கணத்தில் காற்று நின்றது.

ட்ரெலெவில் காற்று நிற்பது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தெருவில் சாய்ந்து நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் மேற்குப் பக்கமாக விழுந்தார்கள். பாப்ளர் மரங்கள் நிமிர்ந்து ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் பார்த்தன. இத்தெலின் வார்த்தை ஜன்னலைத் தாண்டி வெளியே போனது, தாங்கிக்கொள்ள எதுவும் இல்லாமல் தேவாலய முற்றத்தில் விழுந்தது.

ஸ்டேஷனில் தெகாய் போவென் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை. "முடிஞ்சுடுச்சு சார்," என்று தொப்பியைத் தலையில் வைத்து நெம்புகோலை இழுத்தார். தெலித் ஜன்னலில் தலையை நீட்டித் தெருவைப் பார்த்தாள். தெருவில் விழுந்து கிடந்தவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. ரயில் நகர்ந்தது. அவள் ஜன்னலை மூடிக்கொண்டாளாம்.

உள்ளே எங்களுக்கு ஊதல் கேட்டது. இத்தெலுக்கும் கேட்டது. இப்போதாவது ஓடியிருப்பான் என்று நினைப்பீர்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு முதல் முழங்காலைத் தாண்டினான். ஆனால் சபை அந்தப் புது வார்த்தையைக் கேட்டுச் சொக்கிப் போயிருந்தது. ராஸர் இரண்டு கையையும் பரப்பிக் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்: "அதேதான்! அந்த வார்த்தைதான்! எல்லாரும்!"

தொண்டை வறண்டவர்கள், கிசுகிசுத்தவர்கள், கதவோரம் நின்ற ஃபெர்மின், அந்தக் கைக்குழந்தை, எல்லாரும் எடுத்தார்கள். நானும்தான். இரு, இரு என்று நாலு குரலில் ஊரே பாடியது. வெளியே ரயிலின் புகை நேராக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. இத்தெல் ஒரு காலைத் தூக்கினபடியே பெஞ்சுக்கு நடுவில் நின்று, அவனும் பாடினான். நடுப்பாட்டில் போக முடியாதே.

பாட்டு முடிந்ததும் காற்று மறுபடி எழுந்தது. முற்றத்தில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு தெருவோடு போய், காலி ப்ளாட்ஃபாரத்தைத் தாண்டி, கடல் பக்கம் போனது.

நானும் இத்தெலும் ஸ்டேஷன்வரை நடந்தோம். ஓடவில்லை, எதற்கு ஓடுவது? கார்போனெத்தி கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் எட்டிப் பாத்துட்டிருந்துச்சுப்பா," என்றார். "ஏன்ப்பா, அவ்வளவு நேரம் பாடினீங்களே, நடுவுல ஒரு நிமிஷம் வந்திருக்கக் கூடாதா?"

பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்பதற்கென்றே வெளியூர்க்காரர்களை எங்கள் ஊரில் வைத்திருக்கிறோம்.

இத்தெல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு தடங்கலும் இல்லாமல் பேசினான்.

"சொல்லிட்டேன்ல?"

"சொல்லிட்டடா."

"சத்தமாத்தானே சொன்னேன்?"

"ஊருக்கே கேட்டுச்சு."

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்டா. வா, தேநீர் ஆறிடும்."

தலையாட்டினான். வரவில்லை.

அவ்வளவுதான் நடந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று: தெலித் என் அம்மா, ப்யூனோஸ் அயர்ஸில் தொப்பிக் கடைக்கு எதிர்வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு அவள் என்னைப் பெற்றது, அந்த ரயில் போய் மூன்று வருஷம் கழித்து.